ராசாவுக்கு வீடு தந்தவர்களுக்கு நன்றி

பரந்தனில் பூட்டிக் கிடந்த வீட்டுப் படலையடியில் படுத்திருந்த சாம்பல் நிறக் கடுவன் பூனையைப் பற்றி இன்னமும் பலர் கேட்கிறீர்கள். ராசா இப்போது ஒட்டுசுட்டானில் ஒரு வீட்டுக்காரன். இதில் எத்தனை பேருடைய கை இருக்கிறது என்று எழுதாவிட்டால் எனக்கு மனம் ஆறாது.

அவனை வளர்த்த ஐயா காலமானார். கனடாவிலிருந்து வந்த பிள்ளைகள் அந்தியேட்டி வரை நின்று, வீட்டைப் பூட்டிக்கொண்டு திரும்பிப் போனார்கள். பூனையை அயலில் யாரோ எடுத்துவிட்டார்கள் என்றுதான் அவர்கள் நினைத்திருக்கிறார்கள். எடுத்தவர் எவருமில்லை. பக்கத்து வீட்டு அக்கா மட்டும் மீன் தலையை அவித்து, முள் எடுத்து, சோற்றோடு பிசைந்து படலையடியில் வைத்து வந்தார். தெருநாய்கள் காதைக் கிழித்த அன்று அவர்தான் சாக்கைப் போட்டு அவனைப் பிடித்து எனக்கு அழைப்பெடுத்தார். கையெல்லாம் பிறாண்டல். அக்கா, முதல் நன்றி உங்களுக்குத்தான்.

இரண்டாவது நன்றி மருந்துக்கடைத் தம்பிக்கு. பூனைக்குக் காய்ச்சல் போலிருக்கிறது என்று ஒரு அம்மா பனடோல் வாங்கப் போக, "ஆருக்கு அம்மா?" என்று அவர் கேட்டதால்தான் ராசா இன்று உயிரோடிருக்கிறான். பனடோலில் இருக்கும் பரசிற்றமோல் பூனைக்கு நஞ்சு. அரைக் குளிசையே ஆளை முடித்துவிடும். பூனை வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதை நினைவில் வைத்திருங்கள்.

மிருக வைத்தியர் காதைத் தைத்து, விசர்நாய்க்கடி நோய்க்கான தடுப்பூசி போட்டு, ஆடிக்கொண்டிருந்த பற்களைக் கழற்றினார். அதுவரை அவன் சாப்பாட்டை மணந்து பார்த்துவிட்டுத் தள்ளிப் போனது பிடிவாதமல்ல, வாய் நோ. வயதான பூனைகளுக்கு வழக்கமாக வருவதுபோல இவனுக்கும் சிறுநீரகம் கொஞ்சம் தளரத் தொடங்கியிருக்கிறதாம். தண்ணீரை இரண்டு மூன்று இடத்தில் வைக்கவும், உப்பில்லாமல் அவித்த மீனைக் குழைவாகக் கொடுக்கவும் சொன்னார். வயதைக் கேட்டு கனடாவுக்கு அழைப்பெடுத்தோம். 2013 இல் யாழ்தேவி ரயில் திரும்பவும் கிளிநொச்சிக்கு ஓடத் தொடங்கிய நேரம் அப்பா கொண்டுவந்த குட்டி என்றார் மகள். மனிதக் கணக்கில் பார்த்தால் அறுபதைத் தாண்டிய ஆள். தங்கச்சி, வைத்தியச் செலவு முழுவதையும் நீங்கள் ஏற்றதற்கு நன்றி. திறப்பை அனுப்பி, அப்பாவின் பழைய சாரம் ஒன்றை எடுக்கச் சொன்னீர்களே, அதற்கு இன்னும் பெரிய நன்றி.

வீடு தேடியதுதான் பெரும்பாடு. அழைத்தவர்கள் கேட்ட முதல் கேள்வி, "எலி பிடிக்குமோ?" வன்னியில் நெல் மூட்டை அடுக்கிய வீட்டில் அது நியாயமான கேள்விதான். பல் குறைவு என்றதும், "குட்டி ஏதும் இருந்தால் சொல்லுங்கோ" என்று வைத்துவிடுவார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை (கொஞ்சம் இருந்தது, சரி).

அப்புறம் ஓய்வுபெற்ற ரீச்சரம்மா ஒருவர் அழைப்பெடுத்தார். குட்டி வேண்டாம், கிழடுதான் வேண்டும் என்றார். காரணத்தை அவருடைய வாயாலேயே எழுதுகிறேன்: "குட்டி எண்டால் பதினைஞ்சு வருசம் இருக்கும் பிள்ளை. நான் இருப்பனோ? என்ர பிள்ளையளும் வெளிநாட்டில. எனக்குப் பிறகு அதுவும் படலையில கிடக்கவோ? இவன் எண்டால் ரெண்டு பேருக்கும் கணக்காய் இருக்கும்."

நான் அதற்கு மறுமொழி சொல்லவில்லை. விலாசத்தை மட்டும் எழுதிக்கொண்டேன்.

உடுப்புக் கூடை இரண்டைக் கவிழ்த்துக் கட்டி, ராசாவை உள்ளே வைத்து பஸ் ஏறினோம். மாங்குளம் வரை கத்தினான். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. "கோழியோ?" என்று குனிந்து பார்த்த நடத்துனர், கூடையை வெயில் படாத பக்கம் நகர்த்தி வைத்துவிட்டுப் போனார். அவருக்கும் நன்றி.

பூனை பழைய இடத்தைத் தேடி ஓடிவிடும் என்பதால், ரீச்சரம்மா அவனை முதலில் ஒரே அறையில் சாரத்தோடு வைத்திருந்தார். பகலில் கட்டிலுக்குக் கீழே கிடப்பான், இராவில் வந்து சாப்பிடுவான். ஒருநாள் கதவு திறந்திருக்க, தானாக விறாந்தைக்கு வந்து, பின்னேர வகுப்புப் பிள்ளைகள் எழுதிக்கொண்டிருந்த கொப்பியின் மேல் ஏறிப் படுத்தானாம். இப்போது தினமும் அதுதான். கணக்குச் செய்யாததற்குப் பிள்ளைகளுக்கும் நல்லதொரு சாட்டு.

அடுத்த வருடத் தடுப்பூசிக்குத் தன் ஆட்டோவிலேயே கூட்டிப் போவதாகவும், காசு வேண்டாம் என்றும் ரீச்சரிடம் படித்த ஒரு தம்பி சொல்லியிருக்கிறார். தம்பி, உங்களுக்கு இப்பவே நன்றி சொல்லி வைக்கிறேன்.