சூப்பர் டூரிங்கைத் திரும்பக் கேட்கும் ரசிகர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களே,

குடும்பக் கார்களைப் பந்தயத்துக்கு மாற்றி ஓட்டும் பிரிட்டிஷ் டூரிங் கார் சாம்பியன்ஷிப்பில் புது சீசன் பிறந்தால் போதும், உங்கள் பழைய கோரிக்கையும் கூடவே பிறந்துவிடுகிறது: 90களின் சூப்பர் டூரிங் விதிகளைத் திரும்பக் கொண்டுவாருங்கள். நானும் அந்தக் கார்களின் பைத்தியம்தான். இருந்தும் சொல்கிறேன், தயவுசெய்து இந்தக் கோரிக்கையை விட்டுவிடுங்கள்.

அந்தக் காலத்துக்குக் குறை சொல்ல மனம் வராது, உண்மைதான். டர்போ இல்லாத 2 லிட்டர் எஞ்சின், நிமிடத்துக்கு 8,500 சுற்று என்ற வரம்பு, வெளித்தோற்றத்தில் பக்கத்து வீட்டு வாசலில் நிற்கும் அதே குடும்பக் கார். 1996இல் ஆடி, பிஎம்டபிள்யூ, ஃபோர்டு, ஹோண்டா, பெஜோ, ரெனோ, வாக்ஸ்ஹால், வால்வோ என்று எட்டு நிறுவனங்கள் மோதின. 1992 கடைசிப் பந்தயத்தில், சில்வர்ஸ்டோனில், ஜான் கிளீலண்டும் ஸ்டீவ் சோப்பரும் முட்டிக்கொண்டு வெளியேற, சோப்பரின் அணித் தோழர் டிம் ஹார்வி பட்டத்தைத் தட்டிச் சென்றாரே, அதை யாரால் மறக்க முடியும்?

ஆனால் அதையெல்லாம் நம்மில் பலர் பார்த்தது எப்படி? பிபிசி வெட்டித் தொகுத்துக் கொடுத்த காட்சிகளில், வர்ணனையாளர் மர்ரே வாக்கரின் குரலோடு. சலிப்பான சுற்றுகள் கத்தரிக்குப் போய்விட்டன. உரசலும் முந்தலும் மட்டும் நம் நினைவில் தங்கின. 1994இல் ஆல்ஃபா ரோமியோ ஓட்டிய தார்குவினி முதல் ஐந்து பந்தயங்களையும் வரிசையாக வென்றார். 1997இல் 24 பந்தயங்களில் 12 ரெனோ ஓட்டுநர் அலென் மெனுவுக்கே. இன்று ஒருவர் இப்படி வென்றால் நாம் என்ன பேசுவோம் என்று உங்களுக்கே தெரியும்.

அப்புறம் பணம். ரெனோ தன் லகுனா காரை ஃபார்முலா ஒன் அணியான வில்லியம்ஸிடம் கொடுத்தது. குடும்பக் காரின் தோலுக்குள் எஞ்சினைத் தாழ்த்தி, பின்னுக்குத் தள்ளி, கோடிக்கணக்கில் கொட்டினார்கள். 1998 முடிந்ததும் ஆடியும் பெஜோவும் கிளம்பின. 1999க்குப் பிறகு ரெனோ, நிசான், வால்வோ. 2000இல் மிஞ்சிய நிறுவனங்கள் மூன்றே: ஃபோர்டு, ஹோண்டா, வாக்ஸ்ஹால். முதல் மூன்று இடங்களும் ஃபோர்டு மாண்டியோக்களுக்கு. அதோடு சூப்பர் டூரிங்கின் கதை முடிந்தது.

இப்போதைய கார்களில் பல பாகங்கள் எல்லோருக்கும் பொது. கேட்க அலுப்பாகத்தான் இருக்கும். ஆனால் சின்ன அணிகள் பிழைத்திருப்பது அதனால்தான்.

'இன்று அந்தக் கிறுக்குத்தனம் இல்லையே' என்கிறீர்கள். சரி, 1994இல் வால்வோ இறக்கிய 850 எஸ்டேட்டையே (பின்புறம் சாமான் வைக்க நீண்ட இடமுள்ள கார் வகை) எடுத்துக்கொள்வோம். சரக்கு ஏற்றும் கார் என்று மற்றவர்கள் முணுமுணுத்தபோது, பின்னால் பெரிய பொம்மை நாயை உட்கார வைத்து அணிவகுப்புச் சுற்றில் ஓட்டினார்கள். எனக்கும் மிகப் பிடித்த கார் அதுதான். அது எட்டிய சிறந்த இடம் ஐந்தாவது. ஆஷ் சட்டன் சுபாரு லெவோர்க் என்ற எஸ்டேட்டை ஓட்டிப் பட்டமே வென்றது 2017இல், நீங்கள் திட்டும் இந்த விதிகளில்.

இப்படிக்கு,
உங்களில் ஒருவன்