எட்டு முழ வேட்டியில் கோபியைக் காட்டிய ஊருக்கு நன்றி

ஜனவரி 26 சாயங்காலம் அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் கோபி பிரையன்ட் நினைவுநாளுக்கு மைதானத்துக்கு வந்தவர்களுக்கும், வர முடியாமல் பலகாரமும் பணமும் சாமானும் கொடுத்தனுப்பியவர்களுக்கும்,

வணக்கம். வீடு தேடி வந்து நேரில் சொல்ல வேண்டிய நன்றி இது. காரைக்குடிக்குள் இருக்கிறவர்களில் பாதிப் பேரைப் பார்த்துவிட்டேன். பள்ளத்தூர், கானாடுகாத்தான், தேவகோட்டை என்று வெளியிலிருந்து வந்தவர்களை அன்றைக்கு ஒரு வாய் காபி சாப்பிடுங்கள் என்றுகூடச் சொல்லாமல் அனுப்பிவிட்டேன். யார் யார் என்னென்ன செய்தீர்கள் என்பதே எனக்கு மறுநாள்தான் முழுசாகத் தெரிந்தது. அதனால் எல்லார் கண்ணிலும் படும்படி எழுதிவிடுகிறேன்.

முதல் நன்றி ஆத்தாவுக்கு. 2020-இல் கோபி பிரையன்ட் போன அன்றைக்கு, கலிபோர்னியாவில் காலை, நம் நேரத்துக்கு ஜனவரி 26 இரவு 11.15 வாக்கில், அவர் ஏறியிருந்த ஹெலிகாப்டர் கலபாசஸ் மலைச்சரிவில் மோதியது. எனக்குப் போனில் செய்தி வந்தபோது மணி ஒன்று. வளவில் தூணில் சாய்ந்து இருட்டில் உட்கார்ந்திருந்தேன். கண்விழித்து வந்த ஆத்தா என்னவென்று கேட்டார்கள். "கோபி போயிட்டாரு ஆத்தா" என்றேன். "எந்தக் கோபி? நம்ம கோபியா?" என்று பதறிவிட்டார்கள், எங்கள் சொந்தத்திலும் ஒரு கோபி உண்டு. இல்லை ஆத்தா, அமெரிக்காவில் பந்து விளையாடினவர், கூடவே மகளும் போய்விட்டாள், பதிமூன்று வயசு என்று சொன்னேன். மகள் என்றதும் ஒன்றும் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். விடிகிற வரை அப்படியே இருந்தோம். கூடைப்பந்து பார்க்க ஆரம்பித்த நாளிலிருந்து இந்த ஊரில் இந்தப் பைத்தியம் எனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். ஜெயித்தாலும் தோற்றாலும் சொல்ல ஆள் கிடையாது. அந்த ராத்திரியும் அப்படியே தனியாகப் போயிருக்கும், ஆத்தா வந்து உட்காராவிட்டால்.

செக்காலையில் ஒரு டீக்கடையில் கோபியின் 24 நம்பர் பனியன் போட்டிருந்த ஒரு தம்பியிடம் நானாகப் போய்ப் பேசியதில்தான் இந்த நினைவுநாள் யோசனையே ஆரம்பித்தது. அந்தத் தம்பிக்கு இன்னும் இரண்டு பேரைத் தெரியும், அந்த இரண்டு பேருக்கு நாலு பேரைத் தெரியும். இத்தனை பேர் இத்தனை வருஷமாக ஒரே ஊரில் தனித்தனியாக விடிகாலையில் எழுந்து மேட்ச் பார்த்திருக்கிறோம்!

முதலில் பேசிவைத்த இடத்தில் சரி என்று சொல்லிவிட்டு மூன்று நாளைக்கு முன்னால் இல்லை என்றுவிட்டார்கள். அப்போது கைகொடுத்தவர் எங்கள் பி.டி. சார். ஏழாம் வகுப்பில் பந்தை உள்ளங்கையில் வைக்காதே, விரல்நுனியில் வை என்று எனக்குக் கற்றுக்கொடுத்தவர். ஓய்வு பெற்றுப் பல வருஷம் ஆகிறது, ஆனாலும் அவர் ஒரு வார்த்தை சொன்னதும் காலையில் குடியரசு தினக் கொடியேற்றம் முடிந்த கையோடு மைதானம் எங்களுக்குக் கிடைத்தது. முந்தின நாளே டேப்பும் கையுமாக வந்து நின்றார். ரிங் தரையிலிருந்து 10 அடி இருக்க வேண்டும். எங்களுடையது பிள்ளைகள் தொங்கித் தொங்கி முன்பக்கம் தாழ்ந்துபோய் 9 அடி 8 அங்குலத்தில் நின்றது. "அவரு பேரைச் சொல்லிட்டு நாலு அங்குலம் குறைச்சு வைக்கிறதா?" என்றார். அப்புறம் ராத்திரி எட்டு மணிக்கு வெல்டிங் பட்டறை அண்ணன் கடையை அடைத்துவிட்டு வந்து, ரிங்கைக் கழற்றி நிமிர்த்தி, பின்னால் இரும்புப் பட்டை கொடுத்துப் பற்றவைத்து மாட்டித் தந்தார். சார் கீழே நின்று டார்ச் அடித்துக்கொண்டிருந்தார். காசு கொடுத்தால் வாங்கவில்லை, என் மகளுக்குப் பந்து போடச் சொல்லிக்கொடுங்கள் போதும் என்றார். ஞாயிற்றுக்கிழமை காலையில் கூட்டிக்கொண்டு வாருங்கள் அண்ணே, நான் அங்கேதான் இருப்பேன்.

ரிங் சரியானதும் வலை இல்லை என்பது கண்ணில் பட்டது. கொட்டான் முடைகிற ஆச்சியைப் பற்றி இங்கே கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பனை ஓலையில் சாயம் ஏற்றி அவர்கள் முடைகிற கொட்டான் எங்கள் பக்கத்துக் கல்யாண வீடுகளில் எல்லாரும் பார்த்ததுதான். நான் போனது கொட்டானுக்குத்தான், பிள்ளைகளுக்குப் பலகாரம் வைத்துக் கொடுக்க. பேச்சுவாக்கில் வலை இல்லாத கதையைச் சொன்னேன். "எத்தனை கொக்கி இருக்கு அதுல?" என்று கேட்டார்கள். பன்னிரண்டு என்றேன். "மேல அகலம், கீழ சுருக்கம், அவ்வளவுதானே?" என்று சொல்லி நைலான் கயிறு வாங்கி வரச் சொன்னார்கள். முகப்பில் ஆத்தங்குடிக் கல் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, ஒரு பித்தளை அண்டாவைக் கவிழ்த்து அதன் வாயை அளவாக வைத்துக்கொண்டு, பன்னிரண்டு கண்ணியாகத் தொடங்கி, ஒவ்வொரு முடிச்சையும் பெருவிரல் நகத்தால் அழுத்தி இறுக்கிக்கொண்டே போனார்கள். ஒன்றரை மணி நேரம். கடையில் விற்கிற வலைகூட இவ்வளவு ஒரே அளவாக இருந்து நான் பார்த்ததில்லை. கொட்டானுக்கும் காசைப் பாதிதான் வாங்கினார்கள். ஊதாவும் மஞ்சளும் கோபி ஆடின லேக்கர்ஸ் அணியின் நிறம் என்று நான் சொன்னதை நினைவில் வைத்து, 24 கொட்டானையும் அந்த இரண்டு சாயத்திலேயே முடைந்து தந்தார்கள்.

சவுண்ட் சர்வீஸ் அண்ணனுக்கும் ஸ்டுடியோ தம்பிக்கும் நன்றி. புரொஜெக்டர் வந்துவிட்டது, திரையை எடுத்து வருவதாகச் சொன்னவரால் வர முடியவில்லை. ஆறு மணிக்கு இருட்டத் தொடங்கிவிட்டது, நாங்கள் சுவரைத் தேடிக்கொண்டிருந்தோம். சும்மா வேடிக்கை பார்க்க வந்திருந்த பக்கத்து வீதி ஐயா ஒருவர் வீட்டுக்குப் போய், சலவை மடிப்புக் கலையாத ஒரு எட்டு முழ வேட்டியைக் கொண்டுவந்து "இதைக் கட்டுங்கப்பா" என்றார். இரண்டு கம்பத்துக்கு நடுவில் கட்டினோம். 1996-இல் பதினெட்டு வயசில் லேக்கர்ஸுக்கு ஆட ஆரம்பித்த கோபி முதல் பத்து வருஷம் போட்டது 8, அடுத்த பத்து வருஷம் 24, ஒரே அணியில் இருபது வருஷம். 2017 டிசம்பர் 18-இல் இரண்டு எண்ணையுமே இனி யாருக்கும் கொடுப்பதில்லை என்று எடுத்து வைத்துவிட்டார்கள். எட்டு முழத்தில் அந்த 8-ஆம் எண் பனியன் ஓடி வந்தபோது தம்பிகள் கத்திய கத்தல் ஐயாவுக்கு ஏன் என்று புரியவில்லை. ஐயா, இதுதான் காரணம்.

ஒவ்வொருவரும் மறக்க முடியாத ஒரு மேட்சைச் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தோம். சிங்கப்பூரிலிருந்து மச்சான் போனில் சொன்னது கோபி தனியாக 81 பாயின்ட் எடுத்த மேட்ச். 2006 ஜனவரி 22, டொராண்டோ அணியுடன். அவருக்கு அங்கே திங்கட்கிழமை காலை, ஆபீஸில் உட்கார்ந்து ஸ்கோரை எழுத்தில் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாராம். பாதி ஆட்டத்தில் லேக்கர்ஸ் 14 பாயின்ட் பின்னால், கோபிக்கு 26. இரண்டாம் பாதியில் அவர் மட்டும் 55. எண் ஏறிக்கொண்டே போக, யாரோ தப்பாக அடிக்கிறார்கள் என்றே நினைத்தேன் என்றார். ஒரே ஆட்டத்தில் ஒருவர் எடுத்ததில், வில்ட் சேம்பர்லின் 1962-இல் எடுத்த 100-க்கு அடுத்து, அன்றைய தேதிக்கு அதுதான் அதிகம்.

பி.டி. சார் சொன்னதை யாரும் எதிர்பார்க்கவில்லை. அவர் எடுத்தது 2010 ஃபைனல்ஸின் ஏழாவது ஆட்டம், பாஸ்டனுடன். கோபி அன்றைக்கு 24 ஷாட் போட்டு 6 தான் விழுந்தது. நல்ல ஆட்டம் என்றே யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் விழாமல் திரும்பி வந்த பந்தைப் பிடித்து 15 ரீபவுண்ட் எடுத்தார், 83-79 என்று ஜெயித்தார்கள், அவருடைய ஐந்தாவது பட்டம். "ஷாட் விழலையா, போய்ப் பந்தை எடு. முப்பது வருஷம் நான் தொண்டை கிழியச் சொன்னதும் அதைத்தான்" என்றார் சார். அந்த மேட்ச்சை நான் பத்துத் தடவையாவது பார்த்திருப்பேன், அந்த 15-ஐ நான் எண்ணியதே இல்லை. அதற்கும் நன்றி சார்.

கடைசி ஆட்டத்தைப் பற்றிப் பேச நாலு பேர் போட்டி போட்டார்கள். 2016 ஏப்ரல் 13 அங்கே ராத்திரி, நமக்குச் சித்திரை முதல் தேதி காலை. அடுப்படியில் வேப்பம்பூ வறுக்கிற வாசனை, மாங்காய்ப் பச்சடிக்கு வெல்லம் தட்டுகிற சத்தம், சாமி கும்பிட வா வா என்று கூப்பிடுகிறார்கள், இங்கே முப்பத்தேழு வயசு மனுஷர் யூட்டாவுக்கு எதிராக ஐம்பது ஷாட் போட்டுக்கொண்டிருக்கிறார். கடைசிக் கால் பாகத்தில் மட்டும் 23, மொத்தம் 60. அரை நிமிஷம் மீதி இருக்கும்போது முன்னிலைக்குக் கொண்டுபோன ஷாட்டும் அவருடையதுதான். டீக்கடை அண்ணன் வீட்டிலும் இதே கதையாம், பச்சடி தட்டோடு டிவி முன்னால் நின்றிருக்கிறார். நாலு வீட்டில் ஒரே காலை!

என்னுடையது 2013 ஏப்ரல் 12. கோல்டன் ஸ்டேட் அணியுடன், மூன்று நிமிஷம்தான் மீதி. திரும்பும்போது இடது குதிகால் தசைநாண் அறுந்துவிட்டது. நின்று, குனிந்து, அந்த இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். அறுந்த தசைநாணை இழுத்துக் கீழே கொண்டுவரப் பார்த்தேன் என்று அப்புறம் அவரே சொன்னார். ஃபவுல் கொடுத்திருந்தார்கள், யாரும் மறிக்காமல் கோட்டில் நின்று போடுகிற இரண்டு ஃப்ரீ த்ரோ. ஒரு காலில் எடையைப் போட்டு நடந்து வந்து கோட்டில் நின்றார். ஒன்று. அப்புறம் இன்னொன்று. இரண்டும் விழுந்தன, ஸ்கோர் சமமானது, யார் தோளையும் பிடிக்காமல் நடந்தே வெளியே போனார். அதை அந்த வேட்டியில் ஓடவிட்டபோது காற்றில் துணி ஆடி, அவர் நொண்டுகிறாரா திரை நொண்டுகிறதா என்று தெரியாதபடி இருந்தது. மைதானத்தில் ஒரு சத்தம் இல்லை.

பள்ளத்தூரிலிருந்து வந்த பிள்ளைகள் அணிக்குத் தனியாக நன்றி. அதில் ஒரு பாப்பா 2 நம்பர் போட்டிருந்தது, அது கோபியின் மகள் ஜியானாவின் எண். மேட்ச் நடக்கும்போது ஓரத்து நாற்காலியில் அப்பா கையை ஆட்டி ஆட்டி ஏதோ விளக்க, மகள் தலையை ஆட்டிக்கொண்டே கேட்கிற அந்தச் சின்ன வீடியோதான் எனக்குப் பிடித்தது என்று சொல்லிவிட்டு மைக்கைக் கொடுத்துவிட்டது. அதற்கு மேல் அதனால் பேச முடியவில்லை.

ஒன்பது அகல்விளக்கு வைத்தது ஆத்தாவின் யோசனை. நாங்கள் இரண்டு என்று நினைத்திருந்தோம். "அந்த வண்டியில எத்தனை பேருடா போனாக?" என்று கேட்டார்கள். ஒன்பது பேர் என்றதும், "அப்ப ஒன்பது ஏத்து" என்றார்கள். விளக்கேற்றிய பிறகு ஒரு தம்பி பந்தைக் கையில் வைத்து 24 விநாடி அசையாமல் நின்றான். அவர் போன அன்றைக்கே சான் அன்டோனியோவில் நடந்த மேட்சில் இரண்டு அணியும் அப்படித்தான் 24 விநாடி பந்தைப் போடாமல் நின்றார்கள். அதில் ஒரு அணி அதே டொராண்டோ.

வெள்ளைப் பணியாரமும் வரமிளகாய்த் துவையலும் செய்து அனுப்பிய ஆச்சிமார்கள் எல்லாருக்கும் நன்றி. ஒன்றுகூட மிச்சமில்லை. மலேசியாவிலிருந்து பணம் அனுப்பிய அண்ணன்கள் இரண்டு பேருக்கும் கணக்கைத் தனியாக அனுப்புகிறேன். மீதியில் நல்ல பந்து இரண்டு வாங்கி சாரிடம் கொடுத்திருக்கிறோம்.

கடைசியில், வந்தவர்கள் எல்லாரும் 15 அடிக் கோட்டில் நின்று ஆளுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ போட்டது உங்களுக்கே தெரியும். கொட்டான் ஆச்சி மட்டும் பந்தைத் தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டு, ரிங்குக்குக் கீழே கொஞ்சம் தள்ளி ஒரு நாற்காலி போடச் சொல்லி உட்கார்ந்துகொண்டார்கள். 2 நம்பர் பாப்பா போட்ட முதல் பந்து ரிங்கில் பட்டு வெளியே போனது. இரண்டாவது எங்கும் படாமல் வலைக்குள் சர்ரென்று இறங்கியது, வலை ஒரு தடவை சுருண்டு மேலே ஏறித் தானே நேரானது. ஆச்சி அண்ணாந்து பார்த்துக்கொண்டே, "முடிச்சு தாங்குது" என்றார்கள்.

இன்னொரு விஷயம். பணியாரம் வந்த எவர்சில்வர் தூக்கு ஒன்று எங்கள் வீட்டில் தங்கிவிட்டது. மூடியில் விலாசம் வெட்டியிருக்கிறது, தேய்ந்துபோய்ப் படிக்க முடியவில்லை, கைப்பிடியில் சிவப்பு நூல் சுற்றியிருக்கிறது. யாருடையது என்று சொன்னால் நானே கொண்டுவந்து கொடுத்துவிடுகிறேன். வேட்டியைச் சலவைக்குப் போட்டிருக்கிறேன் ஐயா, வியாழக்கிழமை வந்துவிடும்.