பதிவெண் இல்லாத ஒரு தாள் கேட்கிறோம்

எங்கள் பல்கலைக்கழகத்தின் மாண்பமை துணைவேந்தர் அவர்களுக்கும், ஆட்சிக்குழு உறுப்பினர்களுக்கும், அகத்தர உறுதி மையத்தின் ஒருங்கிணைப்பாளர் அவர்களுக்கும்,

வணக்கம்.

சென்ற பருவத்தின் கடைசி வாரத்தில் எங்கள் துறையில் நடந்தது தங்கள் செவிக்கு எட்டியிருக்கும். மாணவர் கருத்துப் படிவத்தில் எழுதியதைத் திருத்தி எழுதித் தருமாறு 8 பேர் துறை அலுவலகத்துக்கு ஒவ்வொருவராக அழைக்கப்பட்டோம். அந்த 8 பேரில் நானும் ஒருத்தி. திருத்தி எழுதிக் கொடுத்த 7 பேரிலும் நான் ஒருத்தி.

நாங்கள் எழுதியது வசை அல்ல. தொல்காப்பியச் சொல்லதிகாரத்துக்குச் சேனாவரையர் எழுதிய உரை எங்களுக்குப் பாடம். வாரத்துக்கு 4 மணி நேரம் என்று 15 வாரங்களுக்கு 60 மணி நேரம் நடந்திருக்க வேண்டிய பாடம் அது. நடந்தவை 11 வகுப்புகள். படிவத்தின் கடைசியில் ‘பிற கருத்துகள்’ என்று விட்டிருந்த இரண்டு வரி இடத்தில் இந்த எண்ணைத்தான் எழுதினோம். மழைக்கு விடுமுறை விட்ட நாள்களை நாங்கள் குறையாகக் கணக்கிடவில்லை. 2024 டிசம்பரில் தென்பெண்ணை கடலூருக்குள் புகுந்ததைக் கண்ணால் கண்டவர்கள் நாங்கள். எந்த விடுமுறை தேவையானது, எது தேவையற்றது என்று எங்களுக்குத் தெரியும்.

தமிழ் படிக்கிறவர்கள் நூலகத்தில் உட்கார்ந்து தாமே படித்துக்கொள்ளலாமே என்று பிற துறையினர் நினைப்பதுண்டு. சேனாவரையத்தைத் திறந்து பார்த்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். தமக்கு முன் உரை எழுதியவர் சொன்னதை மறுத்து, மறுப்புக்கு எழக்கூடிய தடையைத் தாமே எழுப்பி, அதற்கும் விடை சொல்லி, வடமொழி இலக்கண மரபையும் ஊடே துணைக்கு அழைத்து நீளும் அந்த வாக்கியங்களில், எது பிறர் கூற்று, எது உரையாசிரியரின் முடிபு என்று பிரித்துக் காட்ட ஓர் ஆசிரியர் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும். 11 வகுப்புகளில், சொல்லதிகாரத்தின் முதல் இயலான கிளவியாக்கமே முடியவில்லை. தேர்வோ கடைசி இயலான எச்சவியல் வரை இருந்தது.

பண்ருட்டிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வரும் என் தோழியைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அவளுடைய தாயார் முந்திரிக்கொட்டை உடைக்கும் கூலி வேலைக்குப் போகிறவர். ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் பட்டுத் தோல் வெந்துவிடாமலிருக்கச் சாம்பலைத் தொட்டுத் தொட்டு உடைத்தும், கறுத்துப்போன விரல்கள் அவருடையவை. அவர்கள் குடும்பத்தில் பட்டப்படிப்புக்கு வந்த முதல் ஆள் என் தோழிதான். காலை 6 மணிக்கு வீட்டைவிட்டுப் புறப்பட்டுக் கடலூருக்கு வந்து, அங்கிருந்து இன்னொரு பேருந்து பிடித்து அவள் வகுப்புக்குள் நுழையும்போது, கரும்பலகையில் ‘இன்று வகுப்பு இல்லை’ என்று எழுதியிருக்கும். முந்தைய நாள் மாலை ஒரு குறுஞ்செய்தி அனுப்பியிருந்தால் அவள் அன்று தாயாரோடு கூலிக்காவது போயிருப்பாள். அந்த வகுப்பு இல்லாத நாள்களை எண்ணி, தேதியோடு குறித்து வைத்தவள் அவள்தான். 11 என்ற எண் அவளுடைய குறிப்பேட்டிலிருந்து வந்தது.

துறை அலுவலகத்தில் எங்களிடம் யாரும் சத்தம் போடவில்லை. மேசைமேல் எங்கள் படிவங்கள் பதிவெண் வரிசைப்படி அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. “அகமதிப்பீடு 25 மதிப்பெண் இன்னும் போட்டு முடிக்கவில்லை, யோசித்துக்கொள்ளம்மா” என்று மட்டும் என்னிடம் சொல்லப்பட்டது. புதிய படிவத்தை வாங்கினேன். எல்லாக் கேள்விகளுக்கும் 5 என்று வட்டமிட்டேன். பிற கருத்துகள் என்ற இடத்தில் ‘மிகச் சிறப்பாகப் பாடம் நடத்துகிறார்’ என்று எழுதினேன். என் கையெழுத்தில் அந்தப் பொய் தங்கள் கோப்பில் இப்போதும் இருக்கிறது. என் தோழி மட்டும் எழுதியதை மாற்ற மறுத்தாள். அந்தப் பாடத்தின் அகமதிப்பீட்டில் அவளுக்கு 25-க்கு 12 வந்தது. அவளைவிடக் குறைவாகப் படிக்கும் எனக்கு 21. இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று மெய்ப்பிக்க எங்களிடம் எதுவும் இல்லை. ஆனால், படிவத்தில் பதிவெண் இருந்ததால், தொடர்பு இல்லை என்று மெய்ப்பிக்க அந்தப் பாடத்துக்குரிய பேராசிரியருக்கும் வழியில்லை. பெயர் தெரியாத படிவம் எங்களை மட்டுமல்லாமல் அவரையும் காப்பாற்றியிருக்கும் என்பதைத் தாங்கள் எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.

ஆகவே எங்கள் கோரிக்கை இதுதான்: கருத்துப் படிவத்திலிருந்து பதிவெண்ணை எடுத்துவிடுங்கள். யாரைப் பற்றிய கருத்தோ அவர் கையிலும் அவருடைய துறையின் கையிலும் அந்தத் தாள் போகாமல் பாருங்கள்.

இது புதுமையான கோரிக்கையன்று. உயர்கல்வி நிறுவனங்களை மதிப்பிட்டுத் தரச்சான்று தரும் நாக் குழு 2017-இல் திருத்திய மதிப்பீட்டு முறையில் மாணவர் மனநிறைவு ஆய்வு என்று ஒன்று உண்டு. அந்தக் கேள்விகள் மாணவரின் மின்னஞ்சலுக்கே நேராக வருகின்றன. விடையளிப்பவரின் அடையாளம் வெளியிடப்படாது என்று வினாத்தாளின் தலைப்பிலேயே எழுதியிருக்கிறார்கள். வெளியிலிருந்து வருகிற குழு எங்களுக்குக் கொடுக்கும் அந்தச் சிறு பாதுகாப்பை எங்கள் பல்கலைக்கழகம் கொடுக்க ஏன் தயங்குகிறது? குறைதீர் குழு இருக்கிறதே, அங்கே போகலாமே என்று சொல்லக்கூடும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2023-ஆம் ஆண்டு விதிகளின்படி அந்தக் குழு 15 வேலை நாள்களுக்குள் அறிக்கை தர வேண்டும் என்பதை நாங்களும் படித்திருக்கிறோம். அங்கே முறையிடவும் பெயர் எழுத வேண்டும். எங்கள் அச்சமே அந்தப் பெயரில்தான் இருக்கிறது.

ஆசிரியரை மாணவர் எடைபோடுவதா என்று மூத்த பேராசிரியர்கள் சிலர் வருந்துவதாகக் கேள்விப்பட்டோம். ஆசிரியரைப் பற்றிய எடைபோடல் எங்கள் பாடநூலிலேயே இருக்கிறது. இலக்கண நூலான நன்னூலின் முன்னுரைப் பகுதியாகிய பொதுப்பாயிரம் நல்லாசிரியர் இலக்கணத்தைச் சொன்ன கையோடு ஆசிரியர் ஆகாதார் யார் என்றும் சொல்கிறது. தானே உதிர்த்தால் ஒழிய, தேடிச் சென்று பறிக்க விடாத மடற்பனையையும், நீர் ஊற்றி வளர்த்தவனுக்கு உதவாமல் அயலார் நிலத்தில் காயைத் தள்ளும் முடத்தெங்கையும் அதற்கு உவமையாக்கியிருக்கிறார் அந்நூலை இயற்றிய பவணந்தியார். எங்கள் வகுப்பு ஆளில்லாமல் கிடந்த நாள்களில் பலவற்றில், எங்கள் பேராசிரியர் பிற கல்லூரிகளின் கருத்தரங்க மேடைகளில் இலக்கணம் பேசிக்கொண்டிருந்தார். அழைப்பிதழ்களை நாங்களும் பார்த்தோம். உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரமும், இணைப் பேராசிரியருக்கும் பேராசிரியருக்கும் 14 மணி நேரமும் நேரடிக் கற்பித்தல் வேண்டும் என்று மானியக் குழுவின் 2018 விதிமுறை கூறுவதைத் தாங்கள் எங்களைவிட நன்கு அறிவீர்கள்.

இதே துறையில் எங்களுக்கு யாப்பிலக்கணம் நடத்திய கௌரவ விரிவுரையாளர் ஒருவர் இருந்தார். ஒரு வகுப்பையும் அவர் விட்டதில்லை. தளை தட்டுகிற இடத்தைக் காதால் கண்டுபிடிக்கும்வரை வெண்பாவைத் திரும்பத் திரும்பச் சொல்லவைப்பார். பல மாதங்களாக ஊதியம் வரவில்லை என்பதை அவர் எங்களிடம் சொன்னதில்லை. பிறர் சொல்லித்தான் அறிந்தோம். நிரந்தரப் பேராசிரியரைப் பற்றி நாங்கள் எழுதினால் எழுதிய எங்களுக்குத்தான் கேடு வருகிறது. கௌரவ விரிவுரையாளரைப் பற்றி ஒரே ஒருவர் தாழ்வாக எழுதிவிட்டால் அடுத்த பருவம் அவருக்கு வேலை நீட்டிப்பு இல்லை. ஒரே படிவம் ஒருவருக்கு வெறுந்தாளாகவும் மற்றவருக்கு வேலையைப் பறிக்கும் கத்தியாகவும் இருப்பதை எந்த நியாயத்தில் வைப்பது என்று எங்களுக்கு விளங்கவில்லை. காலியான நிரந்தரப் பணியிடங்களை நிரப்பாமல் இப்படி ஆண்டுக்கணக்கில் ஒப்பேற்றுவதும், அதன் சுமை முழுவதையும் ஊதியமில்லாத ஒருவர் தோளில் ஏற்றுவதும் தங்களுக்கு உறுத்தவில்லையா?

கடுமையாகக் கேட்டிருந்தால் பொறுத்தருள்க. கோரிக்கைக்கே திரும்பி வருகிறேன். பதிவெண்ணை எடுத்துவிடுங்கள். அகமதிப்பீட்டு மதிப்பெண்களை இணையத்தில் ஏற்றி முடித்த பிறகே கருத்துக் கேளுங்கள். ஒவ்வொரு பாடத்துக்கும் எத்தனை மணி நேரம் வகுப்பு நடந்தது என்பதைப் பருவ இறுதியில் துறை அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொல்லுங்கள். அதைச் செய்தால் 11 என்ற எண்ணை எழுத எங்களில் ஒருவர் துணிய வேண்டிய தேவையே வராது. என் தோழியின் அகமதிப்பீட்டுத் தாள்களை வேறு துறை ஆசிரியர் ஒருவரிடம் கொடுத்து மறுபடி திருத்தச் செய்யுங்கள்.

நடப்புப் பருவத்துக்கான படிவங்கள் அடுத்த மாதம் எங்கள் கைக்கு வரும். அதற்கு முன் தங்கள் விடை கிடைக்குமானால் நன்றியுடையவர்களாக இருப்போம். நான் சென்ற முறை நிரப்பிக் கொடுத்த இரண்டாவது படிவத்தைக் கோப்பிலிருந்து எடுத்துவிட்டு, முதலில் எழுதியதையே என் கருத்தாகக் கொள்ளுமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
முதுகலைத் தமிழ் இரண்டாம் ஆண்டு மாணவி,
கடலூர் முதுநகர்