சூடான டயரில் காற்றை ஏன் இறக்க மாட்டோம்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

லாரி உரிமையாளர்களுக்கும் ஓட்டுநர் அண்ணன்மார்களுக்கும் வணக்கம்.

வெயில் ஏற ஏற நம் கடைக்கு வரும் பாதி வண்டிகளில் ஒரே பேச்சுதான். "டயர் கொதிக்குது, காத்து ஏறிப்போச்சு, பதினஞ்சு பவுண்டு இறக்கி விடுங்க." நாங்கள் மறுக்கிறோம். சிலருக்கு வருத்தம், சிலர் அடுத்த கடையில் இறக்கிக்கொண்டு போகிறார்கள். பிடிவாதத்துக்காக மறுக்கவில்லை. கணக்கை அப்படியே கீழே தருகிறோம், நீங்களே பாருங்கள்.

காலையில் 30 டிகிரி குளிர்ச்சியில் 110 பவுண்டு (காற்றழுத்த அளவு, பி.எஸ்.ஐ.) வைக்கிறீர்கள். ஓசூர் தாண்டி மதிய வெயிலில் ஓடும்போது டயருக்குள் இருக்கும் காற்று 70 டிகிரிக்குப் போகிறது. அப்போது கேஜில் 126 காட்டும். ஒரு துளி காற்றும் கூடவில்லை. இருந்த காற்றுதான் விரிந்திருக்கிறது. இந்த ஏற்றத்தையும் சேர்த்துத்தான் கம்பெனிக்காரர்கள் 'குளிர்ந்த டயரில் இவ்வளவு' என்று அளவு கொடுக்கிறார்கள். 126ஐத் தாங்கும்படிதான் அந்த டயர் கட்டப்பட்டிருக்கிறது.

இப்போது சூட்டிலேயே 110க்கு இறக்கிவிட்டால்? மறுநாள் காலை குளிர்ந்தபின் அளந்தால் 95தான் இருக்கும். யாரும் அளப்பதில்லை, வண்டி அப்படியே கிளம்புகிறது. காற்று குறைந்த டயர் தரையில் அதிகமாக நசுங்கி, ஒவ்வொரு சுற்றிலும் பக்கச்சுவர் மடங்கி மடங்கி நிமிர்கிறது. அந்த மடிப்பில்தான் சூடு பிறக்கிறது. ஆகவே நேற்றைவிட இன்று டயர் கூடுதலாகக் கொதிக்கும், மறுபடியும் காற்றை இறக்கச் சொல்வீர்கள். நாக்பூர் போய்ச் சேர்வதற்குள் இரண்டு முறை இப்படி இறக்கிய டயர் வெடித்தால் பழி வெயில் மேல் விழுகிறது. காற்று ஏறியதால் டயர் வெடித்தது என்று சொல்லப்படுவதில் பெரும்பாலானவை, முன்பே காற்றுக் குறைவில் ஓடி உள்ளே வெந்துபோன டயர்கள்தான்.

பாரக் கணக்கையும் பாருங்கள். 10.00 ஆர் 20 ரேடியலின் பக்கச்சுவரில் 146/143 என்று அச்சிட்டிருக்கும். 143 என்பது ஜோடியாக, அதாவது ஒரே பக்கத்தில் இரண்டு டயரை ஒட்டி மாட்டும்போது, ஒரு டயர் 2,725 கிலோ தாங்கும் என்று பொருள். 2018இல் உயர்த்திய அச்சு பாரப்படி, 8 டயர் உள்ள டேண்டம் அச்சுக்கு (அடுத்தடுத்து இருக்கும் இரட்டை அச்சு) 21 டன். ஒரு டயருக்கு 2,625 கிலோ. சட்டப்படி ஏற்றினாலே மிச்சம் வெறும் 100 கிலோ, அதுவும் டயருக்குக் குறித்த முழுக் காற்று இருந்தால்தான். 110 என்பது இங்கே கணக்குக்காக எடுத்த எண். முழு பாரத்தில் ஓடும் சில டயர்களுக்கு 120 வரை தேவைப்படும். உங்கள் டயர் கம்பெனியின் அட்டவணை நம் கடைச் சுவரில் ஒட்டியிருக்கிறது, கேட்டால் பார்த்துச் சொல்வோம்.

நைட்ரஜன் அடித்தால் இந்தத் தொல்லை இல்லை என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. நைட்ரஜனும் சூட்டில் ஏறக்குறைய அதே அளவுதான் விரியும். ஈரம் இல்லாமல் இருக்கும், கசிவு மெதுவாக இருக்கும், அவ்வளவுதான் லாபம்.

வழியில் அளக்கவே கூடாது என்று சொல்லவில்லை. அளங்கள், இறக்காதீர்கள். எல்லா டயரும் ஒன்றுபோல 12, 15 பவுண்டு ஏறியிருந்தால் எல்லாம் சரியாக இருக்கிறது. ஒரு டயர் மட்டும் ஜோடியைவிட 10 பவுண்டு குறைவாகக் காட்டினால் அது கசிகிறது. ஒன்று மட்டும் மற்றவற்றைவிடக் கூடுதலாகக் கொதித்தால் பிரேக் விடாமல் பிடிக்கிறதா, பேரிங் போகிறதா என்று பாருங்கள். டிரம்மைத் தொட வேண்டாம், ஒரு சாண் தள்ளிப் புறங்கையைக் காட்டினாலே வித்தியாசம் தெரியும்.

இதில் ஏமாற்றும் ஒரு நிலை உண்டு. சூட்டில் அளக்கும்போது 100 காட்டுகிறது, பத்துதானே குறைவு என்று காற்று அடித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். சூட்டில் 100 என்றால் குளிர்ந்தபின் 86. வைக்க வேண்டிய அளவில் ஐந்தில் ஒரு பங்குக்குமேல் குறைந்து ஓடிய டயரை, காற்றே இல்லாமல் ஓடிய டயராகத்தான் கருத வேண்டும். 110க்கு அந்தக் கோடு 88. ரேடியல் டயரின் பக்கச்சுவரில் உள்ள எஃகு இழைகள், கம்பியை முன்னும் பின்னும் வளைத்தால் ஒடிவதுபோல உள்ளே ஒவ்வொன்றாக அறுந்திருக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. மறுபடி காற்று ஏற்றும்போது ஜிப் பிரிவதுபோலப் பக்கச்சுவர் ஒரே கோட்டில் கிழியும். எதிரே நிற்பவர் பிழைப்பது அரிது.

அதனால்தான் அப்படி வரும் டயரில் 'சும்மா காத்து மட்டும்' அடிக்க மாட்டோம். நட்டைத் தொடுவதற்கு முன்பே வால்வு பின்னைக் கழற்றிக் காற்றை முழுதாக வெளியேற்றுவோம். ஜோடி என்றால் இரண்டிலும். பிறகு டயரைப் பிரித்து உள்புறம் விளக்கடித்துப் பார்ப்போம். உள்ளே ரப்பர் பொடி, சுருக்கம், நிறம் மாறிய பட்டை இருந்தால் அந்த டயர் முடிந்தது. நன்றாக இருந்தால் வெடித்தாலும் தடுக்கும் இரும்புக் கூண்டுக்குள் வைத்து, நீளக் குழாயில் கிளிப் மாட்டி, பக்கவாட்டில் தள்ளி நின்று காற்று ஏற்றுவோம். லாக் ரிங் (டயர் கழன்றுவிடாமல் ரிம்மில் பூட்டும் இரும்பு வளையம்) உள்ள ரிம்முக்கும் இதே முறை. அந்த ரிங் சரியாக உட்காராமல் பறந்தால் டயர் வெடிப்பதற்குக் குறைந்த ஆபத்தல்ல. இதற்கு முக்கால் மணி நேரம் ஆகும். அவசரப்படுத்த வேண்டாம் என்று கையெடுத்துக் கேட்கிறோம். வேறு ஊரில் பஞ்சர் பார்க்கும்போதும் டயருக்கு நேர் எதிரே நிற்காதீர்கள்.

காற்றுக் குறைவு அதிகம் ஒளிந்திருப்பது ஜோடியின் உள் டயரில். கம்பியால் தட்டிப் பார்ப்பது சுத்தமாக இறங்கிய டயரைத்தான் காட்டிக்கொடுக்கும். 20 பவுண்டு குறைந்திருப்பதை எந்தக் காதாலும் கண்டுபிடிக்க முடியாது, கேஜ்தான் வேண்டும். கை எட்டவில்லை என்பதுதான் உள் டயரை அளக்காததற்குக் காரணம் என்றால், வால்வுக்கு நீட்டிப்புக் குழாய் மாட்டித் தருகிறோம். இரண்டு வால்வும் எதிரெதிரே வருமாறு சக்கரத்தைப் பூட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். மூடி பிளாஸ்டிக்காக இருந்தால் ரப்பர் வாஷர் உள்ள இரும்பு மூடியாக மாற்றுங்கள்.

ஜோடியில் ஒன்று புதிது, ஒன்று தேய்ந்தது என்று மாட்டச் சொல்கிறவர்களுக்கும் இதையே சொல்கிறோம். 10.00-20 அளவில் இரண்டின் விட்டமும் 13 மில்லிமீட்டருக்குமேல் வித்தியாசப்படக் கூடாது. அந்த 13 மில்லிமீட்டரிலேயே சுற்றளவு 4 சென்டிமீட்டர் மாறுகிறது. கிலோமீட்டருக்குச் சுமார் 300 சுற்று என்றால் சின்ன டயர் 12 மீட்டர் உருளாமல் இழுபடுகிறது. 2,000 கிலோமீட்டர் நடைக்கு 24 கிலோமீட்டர். பாரமோ பெரிய டயர் மேல் போகிறது. சின்னது தரையில் படும் பட்டனை (ரப்பர் கட்டைகளை) இழக்கிறது, பெரியது வேகிறது.

தொப்பூர் கணவாயைப் பற்றி ஒரு வார்த்தை. தருமபுரியிலிருந்து சேலம் நோக்கி இறங்கும்போது டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டால் முழு வேகத்தையும் பிரேக் டிரம் ஒன்றே பிடிக்க வேண்டியிருக்கிறது. அந்தச் சூடு ரிம் வழியாக டயரின் விளிம்புக்கும் டியூபுக்கும் ஏறுகிறது. வண்டியை நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் ஏறிக்கொண்டேதான் இருக்கும், ஏனென்றால் ஆற்றுவதற்கு ஓட்டக் காற்று இல்லை. அடிவாரத்தில் நிறுத்தி அளந்தால் கேஜ் பயமுறுத்தத்தான் செய்யும். காற்றை இறக்காதீர்கள், டிரம்மில் தண்ணீரும் ஊற்றாதீர்கள், டிரம் விரிசல் விடும். நிழலில் நிறுத்தித் தானாக ஆறவிடுங்கள். ஏறுவதற்கு எந்த கியர் தேவைப்படுமோ அந்த கியரில் இறங்கினால் இவ்வளவும் தேவைப்படாது.

புது டயருக்குப் பழைய டியூப் போடச் சொன்னால் மறுப்பதும் சூட்டை வைத்துத்தான். ஓடி விரிந்த டியூப் புது டயருக்குள் மடிந்து, மடிப்பு உரசி உரசிக் கிழியும். டியூப், ஃபிளாப் (டியூபுக்கும் ரிம்முக்கும் நடுவே போடும் ரப்பர் பட்டை) இரண்டும் புதிதாக வாங்குங்கள். ரீட்ரெடிங் டயரை (தேய்ந்த டயரில் புது ரப்பர் ஒட்டியது) முன்சக்கரத்துக்கு மாட்டித் தர மாட்டோம். சக்கரம் கழற்றி மாட்டிய வண்டிகள் 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் நட்டை மறுபடி முடுக்க வேண்டும். இங்கே திரும்பி வர முடியாவிட்டால் வழியில் எந்தக் கடையிலாவது முடுக்கிக்கொள்ளுங்கள்.

காற்று பார்க்கச் சரியான நேரம், வண்டி நின்று குறைந்தது மூன்று மணி நேரம் ஆனபின், வெயில் ஒரு பக்கம் விழுவதற்கு முன். ஒவ்வொரு பெட்ரோல் பங்க்கிலும் கேஜ் மாறும், ஆகவே சொந்தமாக ஒன்று வாங்கி எப்போதும் அதிலேயே அளங்கள். உங்கள் கேஜைக் கொண்டுவந்தால் எங்களுடையதோடு ஒப்பிட்டு எவ்வளவு பிசகு என்று அதன் மேலேயே எழுதித் தருகிறோம். லோடு ஏற்றி இரவே நம் கடை முன் நிறுத்திக்கொள்ளலாம். கத்திரி முடியும் வரை காலை 5 மணிக்கே கடை திறந்திருக்கும். ஸ்டெப்னி உட்பட எல்லா டயருக்கும் காற்று பார்த்து, அளவைச் சீட்டில் எழுதித் தருவோம். இதற்குக் கட்டணம் இல்லை.

அன்புடன்,
கடைப் பணியாளர்கள், நாமக்கல்