அக்கா, அந்த 80,000 ரூபாயைக் கொடுத்துவிடாதே

அன்புள்ள அக்கா,

நேற்று இரவு நீ பேசி முடித்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கார் தொழிற்சாலையில் உன் மகனுக்கு, என் மாப்பிள்ளைக்கு, நிரந்தர வேலை வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார், 80,000 ரூபாய் கேட்கிறார், வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டுமாம் என்றாய். "உன் மாமாவுக்கும் சரி என்றுதான் படுகிறது" என்றும் சொன்னாய். போனில் என்னால் ஒழுங்காகப் பேச முடியவில்லை. அதனால் எழுதுகிறேன். மாப்பிள்ளையைப் போலப் படிப்பை முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளைகள் ஊருக்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள். அவர்களைப் பெற்றவர்களும் படிக்கட்டும் என்றுதான் ஊரறிய எழுதுகிறேன்.

2001-ல் நான் படிப்பை முடித்து வீட்டில் உட்கார்ந்திருந்தபோது அப்பா ஒருவரிடம் 15,000 ரூபாய் கொடுத்தார். அதில் 6,000 ரூபாய் உன் தோட்டை அடகு வைத்து வந்தது. உனக்கு அப்போது கல்யாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். நியமனக் கடிதத்தை எடுத்துக்கொண்டு சென்னை போய், கிண்டியில் ஒரு தொழிற்சாலையின் வாசலில் நின்றேன். காவலாளி கடிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "இந்த வாரத்தில் நீ மூன்றாவது ஆள், தம்பி" என்றார். கடிதத்தில் நிறுவனத்தின் பெயரிலேயே எழுத்துப் பிழை இருந்தது. நம் வீட்டில் நான்கு பேர் அதைப் படித்தோம், ஒருவர் கண்ணிலும் படவில்லை. ஆசையோடு படிக்கிறவர்களுக்கு எழுத்துப் பிழை தெரிவதில்லை. தோடு மூழ்கிப்போனது. நீ அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. அதனால்தான் இன்று நான் இவ்வளவு பேச வேண்டியிருக்கிறது.

இந்த ஆட்கள் வேலை செய்யும் முறை இன்னும் அப்படியேதான் இருக்கிறது. முதலில் பதிவுக் கட்டணம் என்று சிறு தொகை கேட்பார்கள். பிறகு மருத்துவப் பரிசோதனை, சீருடை, பயிற்சிக் கட்டணம். எல்லாவற்றுக்கும் ஒரு கெடு இருக்கும், யோசிக்க நேரம் கொடுக்கக்கூடாது என்பதற்காக. அவர் அனுப்பிய மின்னஞ்சல் நிறுவனத்தின் சொந்த முகவரியிலிருந்து வந்ததா, ஜிமெயிலிலிருந்து வந்ததா என்று மாப்பிள்ளையைப் பார்க்கச் சொல். சில சமயம் உண்மையிலேயே ஒரு வேலையில் சேர்த்துவிடவும் செய்வார்கள். ஆனால் அது ஒப்பந்தக்காரரின் பெயரில் இருக்கும் வேலை. சில மாதங்கள் கழித்து, "இனி வர வேண்டாம்" என்று வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். வேலைக்கு ஆள் எடுக்கும் ஒழுங்கான நிறுவனம் ஆளிடம் பணம் வாங்காது. இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கோயம்புத்தூரில் பம்பு செய்யும் தொழிலில் இருக்கிறேன், புதிதாக வருகிற பிள்ளைகளை நேர்காணல் செய்கிறேன். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. முன்பணம் ஏதாவது ஏற்கெனவே போயிருந்தால் மறைக்காமல் சொல். இணையம் வழியாக அனுப்பியிருந்தால் 1930 என்ற எண்ணில் உடனே புகார் செய்யலாம், தாமதிக்கத் தாமதிக்கப் பணம் கைமாறிக்கொண்டே போகும்.

இப்போது மாப்பிள்ளையின் விஷயத்துக்கு வருகிறேன்.

அவன் அனுப்பிய விண்ணப்பத்தைப் படித்தேன். இரண்டு பக்கம். சவாலான சூழலில் பணியாற்றி நிறுவனத்தின் வளர்ச்சிக்குத் துணை நிற்பதே என் குறிக்கோள் என்று தொடங்குகிறது. இதே வரியை ஒரே நாளில் முப்பது காகிதங்களில் படித்திருக்கிறேன். அடுத்து, இறுதியாண்டுத் திட்டப்பணி: சூரிய ஒளியில் இயங்கும் விதை நடும் கருவி. அதை நான்கு பேர் சேர்ந்து கடையில் விலைக்கு வாங்கினார்கள் என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நேர்காணலில் உட்காருகிறவருக்கும் இரண்டாவது கேள்வியில் தெரிந்துவிடும். அந்தச் சக்கரத்துக்கு ஏன் இந்தச் சங்கிலி போட்டாய் என்று கேட்டால் பிள்ளை தலையைக் குனிந்துகொள்வான். அதன் பிறகு அவன் சொல்லும் உண்மையும் பொய்யாகவே தெரியும்.

ஆனால் போன சித்திரையில் உங்கள் கிணற்று மோட்டார் தண்ணீர் தூக்காமல் நின்றதே, நினைவிருக்கிறதா? மெக்கானிக் வந்து பார்த்து, பம்பையே மாற்ற வேண்டும், 12,000 ஆகும் என்று சொல்லிவிட்டுப் போனார். மாப்பிள்ளை அன்று இரவு எனக்குப் போன் செய்தான். "மாமா, மோட்டார் நன்றாகத்தான் ஓடுகிறது. தண்ணீர் ஊற்றி நிரப்பினால் கொஞ்ச நேரம் எடுக்கிறது, பிறகு விட்டுவிடுகிறது. உறிஞ்சு குழாயில் எங்கேயோ காற்று இழுக்கிறது என்று நினைக்கிறேன்" என்றான். மறுநாள் கிணற்றுப் படியில் இறங்கி, குழாய் இணைப்புகளில் ஒவ்வொன்றாகக் களிமண்ணை அப்பிப் பார்த்திருக்கிறான். மூன்றாவது இணைப்பில் அப்பியதும் தண்ணீர் கொட்டியது. அந்த இணைப்பைக் கழற்றி, நைந்துபோன ரப்பர் பேக்கிங்கை மாற்றினான். செலவு நூறு ரூபாய்க்குள்.

அக்கா, இது அந்த இரண்டு பக்கத்தில் எங்கும் இல்லை. பம்பு செய்யும் ஊருக்கு வேலை தேடி வருகிற பிள்ளை, பம்பில் குறை கண்டுபிடித்ததை எழுதவில்லை. ஏன் எழுதவில்லை என்று கேட்டேன். "அது வீட்டு வேலைதானே மாமா" என்றான். எனக்கு அழுகை வந்துவிட்டது. பழுதின் அறிகுறியைக் கவனித்து, காரணத்தை ஊகித்து, ஒவ்வொன்றாகச் சோதித்து, ஊகம் சரிதான் என்று நிறுவியிருக்கிறான். எங்கள் தொழிற்சாலையில் தரப்பிரிவில் நாள் முழுக்க நாங்கள் செய்வது இதைத்தான்.

அதனால் விண்ணப்பத்தை ஒரு பக்கமாக மாற்றச் சொல்லியிருக்கிறேன். குறிக்கோள் வேண்டாம், பொழுதுபோக்கு வேண்டாம், மாமாவின் பெயரும் சாதியும் வேண்டாம். கிணற்று மோட்டார் மேலே வர வேண்டும். திட்டப்பணியில் அவன் கையால் செய்தது எதுவோ அது மட்டும் போதும். இரண்டு அரியர் வைத்துப் பிறகு முடித்ததைக் கேட்டால் மறைக்க வேண்டாம். கல்லூரியில் 'நான் முதல்வன்' திட்டத்தில் ஏதோ பயிற்சி முடித்தானே, அதில் என்ன கற்றான் என்று மூன்று வாக்கியம் சொல்ல முடிந்தால் எழுதட்டும், முடியாவிட்டால் விட்டுவிடட்டும்.

கற்றுக்கொள்ள வேண்டியதும் இருக்கிறது. 25 எச்7 என்று வரைபடத்தில் போட்டிருந்தால் என்ன பொருள் என்று நான் எல்லாரிடமும் கேட்பேன். துளை 25 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது, 25.021-ஐத் தாண்டக்கூடாது என்று சொல்ல வேண்டும். பெரும்பாலான பிள்ளைகள் விழிக்கிறார்கள். பாடத்தில் இருந்தது, மதிப்பெண்ணும் வாங்கினார்கள், ஆனால் கையில் ஒரு துளையை அளந்ததில்லை. மாப்பிள்ளையும் விழித்தான். அவனுக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறேன். மெக்கானிக் கடையில் கழற்றிப் போட்ட 6205 பேரிங் ஒன்றை வாங்கி, வெர்னியர் காலிப்பரால் உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் மூன்றையும் அளந்து எனக்கு அனுப்ப வேண்டும். 25, 52, 15 வர வேண்டும். எண்ணின் கடைசியில் உள்ள 05-ஐ ஐந்தால் பெருக்கினால் உள்விட்டம் வருகிறதே, அதை அவனாகவே கண்டுபிடிக்கட்டும், நீ சொல்லிவிடாதே.

நீ கேட்ட மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், விட்டுவிடாதீர்கள். மாவட்ட அலுவலகத்தில் மாதந்தோறும், பெரும்பாலும் ஒரு வெள்ளிக்கிழமை, தனியார் துறை முகாம் நடக்கும். கட்டணம் இல்லை. அந்த வெள்ளிக்கிழமையில் தரகரைப் பார்ப்பதற்குப் பதில் அங்கே போகலாம். அரசுத் தேர்வுக்குப் படிக்கட்டும், ஆனால் வேலை பார்த்துக்கொண்டே படிக்கட்டும். இரண்டு வருடம் அறைக்குள் அதை மட்டும் செய்தால் அவன் வாடிவிடுவான், அவன் சுபாவம் எனக்குத் தெரியும்.

தொழிற்பழகுநர் (அப்ரண்டிஸ்) வாய்ப்பைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அதை நீ "கூலி வேலை மாதிரி" என்றாய். அப்படியில்லை. 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டப்படி பட்டதாரிகளுக்கு ஓராண்டுப் பயிற்சி உண்டு. தென் மாநிலங்களுக்கான பயிற்சி வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது, பதிவை இணையத்திலேயே செய்யலாம். 2019-ல் திருத்திய விதி பட்டதாரிக்குக் குறைந்தது மாதம் 9,000 ரூபாய் என்று வைத்தது. அந்தக் குறைந்தபட்சத் தொகையில் பாதியை மத்திய அரசு ஏற்றுக்கொள்கிறது, அதனால் நடுத்தர நிறுவனங்களும் எடுக்கின்றன. ஓராண்டு முடிந்ததும் நிரந்தரமாக்க வேண்டும் என்ற கட்டாயம் நிறுவனத்துக்கு இல்லை, இதை அவனிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஆனால் ஓராண்டு இயந்திரத்தின் பக்கத்தில் நின்றவனை நான் வேறு கண்ணால் பார்ப்பேன். பளபளப்பான அடையாள அட்டையோடு ஓராண்டு கணினியில் பட்டியல் தட்டியவனைவிட அவனைத்தான் எடுப்பேன்.

எந்த வேலையாக இருந்தாலும் நியமனக் கடிதத்தில் முதலாளி என்று யார் பெயர் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். நிறுவனமா, ஒப்பந்தக்காரரா? ஊதியச் சீட்டில் பி.எப். பிடிக்கிறார்கள் என்றால் அது கணக்கில் ஏறுகிறதா என்று போனிலேயே பார்க்கலாம். அசல் சான்றிதழ்களைக் கேட்டால் காட்டலாம், விட்டுவிட்டு வரக்கூடாது. பி.இ. சான்றிதழை அலமாரியில் பூட்டி வைத்துக்கொண்டு பிள்ளையை வெளியே விடாத இடங்கள் இருக்கின்றன.

இனி அந்த 80,000 ரூபாய். அதை வைத்திருக்கிறாய் என்றால் நல்லதுதான், அதை அவனுக்கே செலவு செய். கணபதியிலோ ஆவாரம்பாளையத்திலோ இரண்டு பேரோடு சேர்ந்து ஓர் அறை எடுத்தால் அவன் பங்கு மூவாயிரம். மெஸ் சாப்பாடு நாலாயிரம், நாலாயிரத்து ஐந்நூறு. பஸ், போன் எல்லாம் சேர்த்து மாதம் 8,500 ஆகும். ஆறு மாதத்துக்கு 51,000. மீதியைத் தொடாதே. என் வீட்டிலேயே தங்கலாம், ஆனால் அறையில் தங்குவதையே நான் விரும்புகிறேன். அந்த அறைகளில் வேலை பார்க்கும் பையன்கள் இருப்பார்கள், எந்தப் பட்டறையில் ஆள் வேண்டும் என்பது அவர்களுக்குத்தான் முதலில் தெரியும். இங்கே நடுத்தர நிறுவனங்கள் பல விளம்பரமே செய்வதில்லை, வாசலில் ஒரு பலகை, மேற்பார்வையாளர் காதில் ஒரு வார்த்தை, அவ்வளவுதான். அரூரில் இருந்துகொண்டு அதைப் பிடிக்க முடியாது. நானும் அப்படித்தான் கணபதியில் ஒரு லேத் பட்டறையில் 1,800 ரூபாய்க்குச் சேர்ந்தேன்.

தினமும் மூன்று இடம் போக வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். குறிச்சி, மலுமிச்சம்பட்டி சிட்கோ தொழிற்பேட்டைகளில் தொடங்கலாம். காலை பத்து மணிக்குப் போக வேண்டும். மாதக் கடைசி வாரத்தில் சரக்கு அனுப்பும் அவசரம் இருக்கும், யாரும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள், அந்த வாரம் உட்கார்ந்து படிக்கட்டும். என் நிறுவனத்தில் நான் அவனுக்கு நேர்காணல் செய்ய மாட்டேன். வேறொருவர் செய்வார், அவர் முடிவில் நான் தலையிட மாட்டேன். இதற்கு நீ வருத்தப்படுவாய் என்று தெரியும். மாமாவின் தயவில் வந்தவன் என்ற பெயர் அந்த வாசலில் ஏறிவிட்டால் பத்து வருடம் போகாது, அக்கா.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். சாப்பிடும்போது அவனிடம் "ஏதாவது பதில் வந்ததா" என்று கேட்காதே. எதிர்வீட்டுப் பெண் பெங்களூரில் என்ன வாங்குகிறாள் என்றும் சொல்லாதே. ஊர்க்காரர்கள் கேட்பார்கள் என்று அவன் ஆறு மாதமாகக் கொல்லைப் பக்கமாகவே வெளியே போய் வருகிறான், உனக்குத் தெரியுமா? என்னிடம் சொன்னான். வாரத்தில் ஒரு நாள், ஞாயிறு மாலை, நானே அவனிடம் கேட்டு உனக்குச் சொல்கிறேன்.

வரும் ஞாயிற்றுக்கிழமை அனுப்பி வை. சேலம் வந்து கோயம்புத்தூர் பஸ் ஏறினால் காந்திபுரத்தில் இறங்கலாம், நான் நிற்பேன். சான்றிதழ் நகல்கள் ஐந்து செட், அசல் ஒரு செட், மழைக்கு நனையாத பை, இரண்டு வெளிர்நிறச் சட்டை, தோல் செருப்பு வேண்டாம், மூடிய ஷூ. கிணற்றில் கழற்றிய அந்தப் பழைய ரப்பர் பேக்கிங்கை அவன் எறியாமல் வைத்திருந்தால் அதையும் எடுத்து வரச் சொல்.

உன் தம்பி