லைட் சிமிட்டுகிறது, காரணம் சொல்ல மறுக்கிறது: வைஃபை பிரிண்டர் பற்றிய புகார்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: ஸ்கிரீன் இல்லாத உங்கள் பிரிண்டரை வீட்டு வைஃபையில் சேர்ப்பதில் உள்ள குறைபாடுகள்

வணக்கம்.

உங்கள் நிறுவனத்தின் ஸ்கிரீன் இல்லாத வைஃபை பிரிண்டர் ஒன்றைப் புதிதாக வாங்கினேன். அச்சில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதை வீட்டு வைஃபையில் சேர்ப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. கஸ்டமர் கேரில் புகாரைப் பதிவு செய்துகொண்டார்கள். கொஞ்ச நாளில் 'உங்கள் புகார் தீர்க்கப்பட்டது' என்று எஸ்எம்எஸ் வந்தது. தீர்த்தது அவர்கள் அல்ல. அதனால்தான் நடந்ததை எழுத்தில் தருகிறேன்.

ஸ்கிரீன் இல்லை என்பது என் புகார் அல்ல. தெரிந்தேதான் வாங்கினேன். ஸ்கிரீன் இல்லாத பிரிண்டர் தனக்கு என்ன கோளாறு என்பதை வேறு எப்படியாவது சொல்லியாக வேண்டும், உங்கள் பிரிண்டர் அதைச் சொல்வதில்லை என்பதுதான் புகார்.

பெட்டியில் இருந்த வழிகாட்டித் தாள் முதலில், பாஸ்வேர்ட் அடிக்காமலே வைஃபையில் சேர்க்கும் டபிள்யூபிஎஸ் முறையைச் சொல்கிறது. ரவுட்டரில் அந்தப் பட்டனை அழுத்தி, இரண்டு நிமிடத்துக்குள் பிரிண்டரின் வைஃபை பட்டனையும் அழுத்த வேண்டும். அழுத்தினேன். நீல லைட் சிமிட்டியது, அப்புறம் ஆரஞ்சு லைட் சிமிட்டியது, அவ்வளவுதான். தாளைப் புரட்டினால், மெதுவாகச் சிமிட்டினால் ஒரு பொருள், வேகமாகச் சிமிட்டினால் இன்னொரு பொருள் என்று சின்னச் சின்னப் படங்களாக ஒரு அட்டவணை. எது மெதுவு, எது வேகம்? இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தவருக்குத்தான் அது தெரியும். முதல் முறை பார்ப்பவருக்கு எல்லாம் ஒரே சிமிட்டல்தான். ஆரஞ்சையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத கண்கள் எத்தனையோ பேருக்கு உண்டு. அவர்கள் இந்த அட்டவணையை வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள் என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

டபிள்யூபிஎஸ் 2006-ல் வந்த ஏற்பாடு. அதில் பட்டனுக்குப் பதில் எட்டு இலக்க ரகசிய எண்ணைக் (பின்) கொடுத்துச் சேரும் முறையில் இருந்த ஓட்டை 2011 இறுதியில் அம்பலமானது. அந்த எண்ணை இரண்டு பாதியாகச் சரிபார்ப்பதால் அதிகபட்சம் 11,000 முயற்சிகளில் கண்டுபிடித்துவிடலாம் என்று தெரியவந்தது. பட்டன் அழுத்தும் முறை வேறு, அதற்கு இந்த ஓட்டை இல்லை. இருந்தாலும் இன்று பல ரவுட்டர்களில் டபிள்யூபிஎஸ் அணைத்தே வைக்கப்பட்டிருக்கிறது. வைஃபையின் புதிய பாதுகாப்பு முறையான டபிள்யூபிஏ3-ல் அதற்கு இடமே கிடையாது. நிலைமை இப்படி இருக்கும்போது அதை முதல் வழியாகப் பரிந்துரைப்பது ஏன்?

சரி, ஆப் வழியாகப் பார்க்கலாம் என்று இறங்கினேன். ஆப் முதலில் கணக்கு தொடங்கச் சொன்னது. பிறகு லொகேஷன் அனுமதி கேட்டது. சுற்றியுள்ள வைஃபைகளைத் தேடுவதற்கு ஆண்ட்ராய்டு போனில் அந்த அனுமதி தேவைப்படும் என்பது எனக்குத் தெரியும். தெரியாதவர் 'பிரிண்டருக்கு நான் இருக்கும் இடம் எதற்கு?' என்று மறுத்துவிட்டு அங்கேயே நின்றுவிடுவார். ஒரு வரியில் விளக்கிவிட்டுக் கேட்டால் என்ன?

அதன்பின் பிரிண்டர் தானே ஒரு தற்காலிக வைஃபையை உருவாக்குகிறது; போன் அதில் சேர்ந்து, வீட்டு வைஃபையின் பெயரையும் பாஸ்வேர்டையும் பிரிண்டரிடம் கொடுக்க வேண்டும். இங்கே இன்னொரு சிக்கல். பிரிண்டரின் வைஃபையில் இணையம் கிடையாது. அதைக் கண்டதும் போன் தானாக மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடுகிறது. ஆப் மட்டும் 'காத்திருக்கவும்' என்று வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு முயன்றால் இந்தப் படி நகர்கிறது. இது வழிகாட்டித் தாளில் இல்லை, ஆப்பிலும் இல்லை, கஸ்டமர் கேரிலும் யாரும் சொல்லவில்லை.

இதையும் தாண்டிய பிறகு வந்த செய்தி: 'இணைக்க முடியவில்லை. பாஸ்வேர்டைச் சரிபார்க்கவும்.' பாஸ்வேர்ட் சரியாகத்தான் இருந்தது; அதே பாஸ்வேர்டில்தான் வீட்டில் மற்ற எல்லாமே ஓடுகின்றன.

கஸ்டமர் கேரை அழைத்தேன். ஆஃப் செய்து ஆன் செய்யுங்கள் என்றார்கள், செய்தேன். ரீசெட் செய்யுங்கள் என்றார்கள், அதையும் செய்தேன். அப்புறம் ஒருவர், "சார், இப்ப ஸ்கிரீன்ல என்ன வருது?" என்று கேட்டார். இந்த மாடலில் ஸ்கிரீனே இல்லை என்று நான்தான் அவருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, முன்னால் இருக்கும் தாளைப் பார்த்துப் படிக்கிறார். அந்தத் தாளை எழுதியவர்கள் மேல்தான் கோபம். கடைசியில் ரவுட்டர் கொடுத்த இணைய நிறுவனத்திடம் கேளுங்கள் என்று முடித்துவிட்டார்கள். அங்கே கேட்டால் பிரிண்டர் நிறுவனத்திடம் கேளுங்கள் என்றார்கள்.

விடை கடைசியில் உங்கள் பிரிண்டரிடமிருந்துதான் கிடைத்தது. தகவல் பட்டனைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால் ஒரு பக்கம் அச்சாகி வருகிறது. சீரியல் எண், மேக் முகவரி, 'இணைக்கப்படவில்லை' என்ற நிலை, இவற்றுக்குக் கீழே பொடி எழுத்தில் 'பாதுகாப்பு: டபிள்யூபிஏ2' என்று ஒரு வரி. அது டபிள்யூபிஏ3-க்கு முந்தைய முறை. என் ரவுட்டர் டபிள்யூபிஏ3 மட்டும் என்ற அமைப்பில் இருந்தது. டபிள்யூபிஏ2 மட்டுமே தெரிந்த பிரிண்டர் அதில் சேரவே முடியாது. டபிள்யூபிஎஸ் வேலை செய்யாததற்கும் இதுதான் காரணம். ரவுட்டரில் அதை டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 இரண்டையும் ஏற்கும் கலப்பு முறைக்கு மாற்றினேன். பிரிண்டர் உடனே சேர்ந்துகொண்டது.

அச்சடிப்பதையே தொழிலாகக் கொண்ட ஒரு கருவி இது. காகிதமும் மையும் தயாராக வைத்திருக்கிறது. இணைப்பு தோற்றதும், 'உங்கள் ரவுட்டரின் பாதுகாப்பு முறையை என்னால் ஏற்க முடியவில்லை' என்று ஒரு வரியை அச்சிட்டுத் தள்ளியிருந்தால் என் புகாரே எழுந்திருக்காது. சில நிறுவனங்களின் பிரிண்டர்கள் இணைப்பு தோற்ற காரணத்தைக் குறியீட்டு எண்ணோடு அச்சிட்டே தருகின்றன. எனவே உங்களாலும் முடியும். அதை விட்டுவிட்டு லைட்டைச் சிமிட்டி, பாஸ்வேர்ட் மேல் பழியைப் போடுகிறீர்கள்.

டபிள்யூபிஏ3 நேற்று வந்ததும் அல்ல. 2018-ல் அறிமுகமானது. 2020 ஜூலை முதல், வைஃபை சாதனங்களுக்குச் சான்று தரும் அமைப்பான வைஃபை அலையன்ஸின் சான்று பெறும் புதிய சாதனங்களுக்கு அது கட்டாயம். பிரிண்டர் பெட்டியின் மேல் 'சுலபமான வைஃபை இணைப்பு' என்று பெரிதாகப் போட்டிருக்கிறீர்கள். டபிள்யூபிஏ2 மட்டும்தான், வைஃபை அலைவரிசைகளில் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் என்பதை எங்கும் போடவில்லை. இதில் 5 கிகாஹெர்ட்ஸ் இல்லை என்பதே அந்தத் தகவல் பக்கத்தைப் பார்த்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

கலப்பு முறைக்கு மாற்றியது தீர்வு என்றும் நான் ஏற்கவில்லை. ஒரு பிரிண்டருக்காக வீட்டின் மொத்த இணையப் பாதுகாப்பையும் ஒரு படி இறக்கி வைத்திருக்கிறேன். விருந்தினர் வைஃபை ஒன்றைத் தனியாகத் திறந்து அதில் பிரிண்டரை மட்டும் வைக்கலாமே என்று கஸ்டமர் கேரில் ஒருவர் யோசனை சொன்னார். விருந்தினர் வைஃபையில் இருக்கும் கருவியை வீட்டு வைஃபையில் இருக்கும் கணினி பார்க்கவே முடியாதபடி பெரும்பாலான ரவுட்டர்கள் பிரித்து வைக்கின்றன. அப்புறம் எதை வைத்து அச்சடிப்பது?

இணைந்த பிறகும் ஒரு முறை, ரவுட்டர் அணைந்து திரும்பி வந்ததும் பிரிண்டருக்கு வேறு ஐபி முகவரி (வைஃபைக்குள் கருவியை அடையாளம் காட்டும் எண்) கிடைத்துவிட்டது. கணினி பழைய முகவரியிலேயே தேடி 'ஆஃப்லைன்' என்றது. ரவுட்டரில் அதற்கு ஒரு முகவரியை நிலையாக ஒதுக்கிச் சமாளித்துக்கொண்டேன். இது உங்கள் தவறு மட்டும் அல்ல, ஆனால் வழிகாட்டியில் இரண்டு வரி எழுதினால் பலருக்கு உதவும்.

பின்புறம் யூஎஸ்பி துளை இருக்கிறதே, கேபிளில் இணைத்துக்கொள்ளலாமே என்று நீங்கள் பதில் எழுதக்கூடும். 'முதலில் வைஃபையில் அமைக்கவும்' என்று அந்தத் துளையின் மேல் ஸ்டிக்கர் ஒட்டியிருப்பதும் நீங்கள்தான், பெட்டியில் கேபிள் வைக்காததும் நீங்கள்தான்.

இந்த மாடலுக்கு டபிள்யூபிஏ3-ஐ ஏற்கும் ஃபர்ம்வேர் (பிரிண்டருக்குள் இருக்கும் மென்பொருள்) அப்டேட் வருமா, வராதா என்பதை எனக்கு 15 நாட்களுக்குள் எழுத்தில் தெரிவியுங்கள். வரும் என்றால் எப்போது என்று சொல்லுங்கள். வராது என்றால் பிரிண்டரைத் திரும்ப எடுத்துக்கொண்டு முழுப் பணத்தையும் தர வேண்டும், அல்லது அதை ஏற்கும் மாடலாக மாற்றித் தர வேண்டும். இணைப்பு தோற்றால் காரணத்தை அச்சிடும் வசதியையும் அதே அப்டேட்டில் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். தொலைபேசியில் பேச விரும்பவில்லை. மறுபடியும் ஆஃப் செய்து ஆன் செய்ய என்னால் ஆகாது. மூடிய புகாரைத் திறந்து, இந்தக் கடிதத்தை அதோடு சேர்த்து வையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: வாங்கிய ரசீதின் நகல், பிரிண்டர் அச்சிட்ட தகவல் பக்கம், ஆப் காட்டிய பிழைச் செய்தியின் ஸ்கிரீன்ஷாட், யூஎஸ்பி துளை மேல் உள்ள ஸ்டிக்கரின் படம்.