ஆடித் திருவிழா மைக் செட்டுக்கு லிமிட்டர் அவசியம்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆடி மாதத்தில் சேலத்தில் கோட்டை மாரியம்மன் கோயில் தொடங்கி தெருவுக்குத் தெரு ஒலிபெருக்கி கட்டுகிறார்கள். காது வலிப்பதும் ட்வீட்டர் (கூர்மையான ஒலிக்கான சிறு ஸ்பீக்கர்) கருகுவதும் பெரும்பாலும் ஒரே காரணத்தால்தான்: ஆம்பிளிஃபயரில் அளவு மீறியதைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிய எரிய ஓட்டுவது.

இதற்குத் தீர்வு, ஒலி மின்னழுத்தம் குறித்த அளவைத் தாண்டாமல் தடுக்கும் லிமிட்டர். ஒலியைத் தாழ்ந்தது, கூர்மையானது எனப் பிரிக்கும் கிராஸ்ஓவருக்குப் பின், ஆம்புக்கு முன் அதை வைக்க வேண்டும். 8 ஓம், 400 வாட் ஸ்பீக்கர் தாங்குவது சுமார் 56 வோல்ட். ஆம்ப் 40 மடங்கு பெருக்கினால், உள்ளே 1.4 வோல்ட்டைத் தாண்டவிடக் கூடாது. அந்த அளவில் பூட்டிவிட்டால், மேடையில் யார் கத்தினாலும் ஸ்பீக்கர் பிழைக்கும்.

அறிவிப்பு மைக்குக்கு, உரத்த ஒலியை மட்டும் தணிக்கும் கம்ப்ரசர் வேண்டும்: 3:1 விகிதம், அட்டாக் (தணிக்கும் வேகம்) 10 மில்லி விநாடி, ரிலீஸ் (விடுவிக்கும் வேகம்) 150 மில்லி விநாடி. மீட்டரில் 6 டெசிபல் குறைந்தால் போதும். குறைந்ததை மேக்கப் கெயினில் (தணித்த பின் ஒலியை ஏற்றும் திருகில்) முழுதாகத் திருப்பி ஏற்றுவதே பலர் செய்யும் தவறு. பேச்சு நின்றதும் கம்ப்ரசர் தணிப்பதை விட்டுவிடும்; மைக்கின் பெருக்கமும் அதே 6 டெசிபல் கூடி நிற்கும், உடனே ஊளையிடும்.

மெல்லிய ஒலி வந்தால் மைக்கை மூடிவிடும் ‘கேட்’ தவில் மைக்குக்குப் பொருந்தும், அதுவும் கம்ப்ரசருக்கு முன்பாக. பேச்சுக்கு வேண்டாம், சொல்லின் முதல் எழுத்தையே விழுங்கிவிடும்.

ஒலி மாசு விதிகள், 2000 சொல்லும் இரவு 10 மணிக் கட்டுப்பாட்டைக் காவல்துறை பார்க்கிறது. அனுமதி தரும்போதே ‘லிமிட்டர் இருக்கிறதா’ என்றும் கேட்க வேண்டுகிறோம்.

ஒலி அமைப்பாளர்கள்,
செவ்வாய்ப்பேட்டை, சேலம்.